ஓட்டு வீட்டுக்கு வரலாமா?



தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட தன் மகன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டானாம். "நாம் மட்டும் ஏன் வெயிலில் கால் கடுக்க நிற்கணும்?" என்று கேட்கிறார் ஒரு தந்தை. "எங்கள் பாட்டியிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப் போனார்கள். இதையே எல்லோருக்கும் செய்தால் நூறு சதவீத வாக்குப்பதிவு ஆகிவிடாதா?" என்பது ஒரு கல்லூரி மாணவியின் கேள்வி. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் கடிதம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. "தேர்தல் பணிக்குப் போகும்போதெல்லாம் தபால் ஓட்டுதான் போட்டேன். அது எண்ணப்பட்டதா, குப்பைக்குப் போனதா, யாருக்குத் தெரியும்?"

மூன்று பேருக்கும் சேர்த்து இந்த முறை ஆசிரியர் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். தபால் வாக்கு, வாக்குச்சாவடி, வீட்டில் வந்து வாங்கும் வாக்கு, பதிலி வாக்கு, இணைய வாக்கு என்று உலகில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நமக்கு எது பொருந்தும் என்ற என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் வாக்குச்சாவடி. முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார். எதிரே பெஞ்சில் இருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் டிக் அடிக்கிறார்கள். ஆள் மாறியிருந்தால் அங்கேயே ஆட்சேபம் கிளம்பும். இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கிறார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்துகிறார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனபிறகு நீங்கள் தனி ஆள். பொத்தானை அழுத்தினால் 'பீப்' சத்தம். பக்கத்துக் கண்ணாடியில் 7 விநாடி சீட்டுத் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது.

இரண்டு நிமிடத்தில் இங்கே மூன்று காரியங்கள் முடிந்துவிட்டன. வந்தவர் இன்னார்தான் என்று ஊரறிய உறுதியானது. அவர் யாருக்குப் போட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போனது. போட்ட ஓட்டு கணக்கில் சேர்ந்ததும் அவர் கண்முன்னேயே நடந்தது. எந்த நாட்டில் எந்த முறையில் ஓட்டுப் போட்டாலும் இந்த மூன்றையும் எப்படியாவது செய்தாக வேண்டும். வாக்குச்சாவடியில் ஆட்களும் அட்டையும் கருவியும் செய்வதைத் தபால் வாக்கில் காகிதமும் கவரும் செய்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

நம் தபால் வாக்கின் உள்ளடக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வாக்காளர் கைக்கு ஒரு வாக்குச்சீட்டு வருகிறது. கூடவே 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம், 13பி என்ற சிறிய கவர், 13சி என்ற பெரிய கவர். வாக்குச்சீட்டில் தனக்கு வேண்டியவருக்கு நேரே குறியிட்டு, சிறிய கவருக்குள் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ படிவத்தில் வாக்குச்சீட்டின் வரிசை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தகுதியுள்ள அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தையும் ஒட்டிய சிறிய கவரையும் தனித்தனியாகப் பெரிய கவருக்குள் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும் இடத்தில் பெரிய கவரைப் பிரித்து முதலில் 13ஏ-வைச் சரிபார்ப்பார்கள். பெயருள்ள அந்தப் படிவங்களையெல்லாம் எடுத்துத் தனியாக வைத்த பிறகே பெயரில்லாத சிறிய கவர்கள் பிரிக்கப்படும். ஆள் யார் என்பதும் ஓட்டு யாருக்கு என்பதும் ஒன்றோடொன்று சேராமல் இருக்க இந்த இரட்டைக் கவர் ஏற்பாடு.

யோசித்துச் செய்த முறைதான். ஆனால் படிவத்தைத் தவறிச் சிறிய கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டால் ஓட்டு செல்லாது. வரிசை எண் மாறினால் செல்லாது. சான்றொப்பம் இல்லையென்றால் செல்லாது. வாக்குச்சீட்டில் ஆர்வக்கோளாறில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வாக்கு எண்ணிக்கை தொடங்கும் காலை எட்டு மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கு வந்து சேராவிட்டால் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். மின்னணு இயந்திரம் வந்த பிறகு வாக்குச்சாவடியில் செல்லாத ஓட்டு என்ற பேச்சே போய்விட்டது. இன்று அது பெரும்பாலும் தபால் ஓட்டோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கே ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கும் தேர்தல் பணியாளர்களின் ஓட்டுகள்தான் இப்படி அதிகம் சிக்குகின்றன.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு ராதாபுரம் நல்ல உதாரணம். 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் இன்பதுரை 69,590 வாக்குகள் பெற்றார். திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அந்தத் தொகுதியில் 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பம் இட்டவர் பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அந்தத் தகுதி உண்டா, இல்லையா? வழக்கின் முடிச்சு இதுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், அந்த 203 தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டு காலம் முடியும் வரை முடிவு வெளியாகவில்லை. அப்பாவு 2021-இல் அதே தொகுதியில் வென்று சபாநாயகரும் ஆனார். ஓட்டுப் போட்டவர்கள் தவறேதும் செய்யவில்லை. யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதிலேயே ஐந்தாண்டு ஓடிவிட்டது.

பக்கத்து மாநிலத்திலும் இந்தக் கதை உண்டு. 2021-இல் கேரளத்தின் பெரிந்தல்மண்ணா தொகுதியில் வெற்றி வித்தியாசம் 38 வாக்குகள். கவரிலும் படிவத்திலும் இருக்க வேண்டிய விவரங்களில் குறை சொல்லி 340-க்கும் மேற்பட்ட தபால் வாக்குகளை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். வழக்கு நடக்கும்போது வாக்குகள் இருந்த பெட்டிகளில் ஒன்றைக் காணோம். தேடியதில் அது மலப்புரத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகம் ஒன்றில் கிடைத்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் முதலில் அறிவித்த முடிவையே உறுதி செய்தது. ஆந்திரத்தில் 2024-இலும் 13ஏ படிவத்தில் அதிகாரியின் கையெழுத்து மட்டும் போதுமா, பெயரும் முத்திரையும் வேண்டுமா என்று சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. கையெழுத்து இருந்தால் போதும் என்ற தேர்தல் ஆணையத்தின் தளர்வில் நீதிமன்றம் தலையிடவில்லை.

ஆணையம் இவற்றிலிருந்து பாடம் படிக்காமலும் இல்லை. வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், நிராகரித்தவை அத்தனையையும் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்பது இப்போது விதி. தபால் வாக்குகளை எண்ணி முடிக்காமல் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. தேர்தல் பணியாளர்கள் கவரை வீட்டுக்குக் கொண்டுபோய் எப்போதோ அனுப்பும் வழக்கமும் 2023 விதித் திருத்தத்தோடு நின்றது. பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, குறியிட்டு, அங்கிருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சான்றொப்பமும் அங்கேயே கிடைக்கும். பெயர்தான் தபால் வாக்கு, தபால்காரருக்கு அதில் வேலையே இல்லை.

தபால் வாக்கு நம் நாட்டில் யாருக்கெல்லாம் உண்டு? ராணுவத்தினர், மத்திய ஆயுதக் காவல் படையினர், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள், தேர்தல் பணியில் இருப்போர், தடுப்புக் காவலில் இருப்போர். ராணுவத்தினருக்கு முன்பு சீட்டு தபாலில் போய்ச் சேருவதற்குள் தேர்தலே முடிந்துவிடும். இப்போது சீட்டு மின்னணு வழியில் போகிறது. அவர் அதைப் பதிவிறக்கி, அச்செடுத்து, குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்புகிறார். இந்த முறை முதன்முதலில் 2016 நவம்பரில் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு பழைய அநியாயமும் இருந்தது. ராணுவ வீரரின் மனைவி அவரோடு தங்கியிருந்தால் அவருக்கும் தபால் வாக்கு உண்டு, பெண் அதிகாரியின் கணவருக்குக் கிடையாது. 2021 இறுதியில்தான் சட்டத்தைத் திருத்தி இருவருக்கும் பொதுவாக்கினார்கள்.

ராணுவத்தினருக்குப் பதிலி வாக்கு என்ற இன்னொரு வழியும் 2003 முதல் இருக்கிறது. எல்லையில் இருப்பவர் ஊரில் நம்பிக்கையான ஒருவரை நியமித்துவிட்டால் அவர் போய் வாக்குச்சாவடியில் போடலாம். தனக்காகப் போடும்போது ஆள்காட்டி விரலில் மை, பதிலியாகப் போடும்போது நடுவிரலில் மை. தபால் தாமதம் என்ற தொல்லை இதில் இல்லை. சொன்னபடியே போட்டாரா என்பது மட்டும் அவரவர் மனசாட்சி.

மாணவி சொன்ன பாட்டியின் ஓட்டு எந்த வகை? சட்டத்தின் கண்ணில் அதுவும் தபால் வாக்குதான். 80 வயது கடந்தவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 2019-இல் இதற்கு விதி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. எதிர்த்துத் திமுக தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 மார்ச்சில் வயது வரம்பு 85 ஆனது. நடைமுறையில் இது தபாலும் இல்லை, சாவடியும் இல்லை. இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. கட்சி முகவர்களும் கூட வரலாம். மடக்கிக் கொண்டுவந்த அட்டைத் தடுப்பை வீட்டுக்குள் வைத்து, அதன் மறைவில் குறியிடச் செய்து, கவரில் போட்டு ஒட்டி வாங்கிப் போகிறார்கள். வீடியோ எடுப்பவர் எல்லாவற்றையும் எடுப்பார், குறியிடுவதை மட்டும் எடுக்க மாட்டார். அந்த அட்டைத் தடுப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வரும் விஷயம் அதைச் சுற்றித்தான்.

இனி அமெரிக்காவில் மகன் இருக்கும் தந்தையின் கேள்வி. ஓரிகன் மாநிலம் 1998-இல் மக்களிடம் கருத்துக் கேட்டு, எல்லாத் தேர்தலையும் தபால் வழிக்கு மாற்றியது. 2000 அதிபர் தேர்தலை முழுக்கத் தபாலில் நடத்திய முதல் மாநிலமும் அதுவே. வாஷிங்டன், கொலராடோ, யூட்டா என்று வேறு சில மாநிலங்களும் பின்னால் வந்தன. கொரோனா காலத்தில் நடந்த 2020 தேர்தலில் அமெரிக்க வாக்காளர்களில் 43 சதவீதம் பேர் தபாலில் வாக்களித்ததாக அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொல்கிறது. கவர் மேல் போடும் கையெழுத்தைப் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் பல மாநிலங்களில் வாக்காளருக்குத் தகவல் போகும். அவர் குறிப்பிட்ட நாளுக்குள் வந்து சரிசெய்யலாம். கவர் எங்கே இருக்கிறது, ஏற்கப்பட்டதா என்பதைக் கூரியர் பார்சலைப் போலப் பின்தொடரவும் முடியும். ஆசிரியை கேட்ட 'யாருக்குத் தெரியும்' என்ற கேள்விக்கு அங்கே பதில் உண்டு. இது நாம் கற்க வேண்டியது.

அங்கே அது ஒத்துவருவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அமெரிக்கத் தேர்தல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நாடு முழுவதற்கும் பொது விடுமுறை கிடையாது. நமக்கோ வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது என்று கணக்கிட்டுச் சாவடி போடுகிறார்கள். இன்னொன்று, அமெரிக்க வாக்குச்சீட்டு நீளமானது. அதிபரில் தொடங்கி உள்ளூர் ஷெரீப், நீதிபதி, பள்ளி வாரியம், வரி போடலாமா என்ற கேள்வி வரை ஒரே சீட்டில் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்துக் குறியிடுவது அங்கே ஒரு தேவை. நமக்கு இருப்பது ஒரே போட்டி, ஒரே பொத்தான். வரிசையில் நிற்பதுதான் நமக்குச் சிரமம். யோசிக்க நேரம் போதவில்லை என்ற குறை நமக்கு இல்லை.

தபால் வாக்கில் தில்லுமுல்லு நடக்காதா? பெரிய அளவில் நடப்பது கடினம், ஆனால் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வட கரோலினாவின் ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில் 2018-இல் வித்தியாசம் வெறும் 905 வாக்குகள். வீடு வீடாகப் போய் நிரப்பாத, பாதி நிரப்பிய சீட்டுகளை ஓர் ஏஜென்ட் கூட்டம் வாங்கிப் போனது விசாரணையில் தெரிந்தது. தேர்தலையே செல்லாதாக்கி மறுபடி நடத்தினார்கள். இங்கிலாந்தில் கேட்டவர்க்கெல்லாம் தபால் வாக்கு என்று 2000-இல் விதியைத் தளர்த்தினார்கள். 2004-இல் பர்மிங்ஹாம் மாநகராட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளில் நடந்த தபால் வாக்கு மோசடியை மறுவருடமே நீதிமன்றம் அம்பலப்படுத்தியது. இப்போது அங்கே ஒருவர் தன் வாக்கோடு மற்றவர்களின் ஐந்து வாக்குகளுக்கு மேல் கொண்டுவந்து கொடுக்க முடியாது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மோசடி பெருகியதால் 1975-இல் உள்நாட்டுத் தேர்தல்களில் தபால் வாக்கையே எடுத்துவிட்டது. ஊரில் இல்லாதவர் பதிலியை நியமித்துக்கொள்ளலாம் என்பது அங்கே வழி.

மோசடியே இல்லாமலும் கவிழலாம் என்பதற்கு ஆஸ்திரியா சாட்சி. 2016 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் வான் டெர் பெல்லன் சுமார் 31 ஆயிரம் வாக்குகளில் வென்றார். பல மாவட்டங்களில் தபால் கவர்களை உரிய நேரத்துக்கு முன்பே பிரித்திருந்தார்கள், சில இடங்களில் பிரிக்கக் கூடாதவர்கள் பிரித்திருந்தார்கள். யாரும் ஓட்டை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை. இருந்தும் முறை மீறப்பட்டது என்பதற்காகவே அரசியல் சட்ட நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. மறுதேர்தலுக்கு அக்டோபர் 2 என்று நாள் குறித்தார்கள். அதற்குள் இன்னொரு கூத்து. அச்சிட்டு அனுப்பிய தபால் கவர்களின் பசை ஒட்டாமல் தானாகத் திறந்துகொண்டது. கவர் பசைக்காக ஒரு நாட்டின் அதிபர் தேர்தல் டிசம்பர் 4-க்குத் தள்ளிப்போனது. வான் டெர் பெல்லனே மறுபடியும் வென்றார்.

எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்திலேயே வாக்களிக்கிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான் வாக்களித்தார்கள். அங்கே ஓர் அழகான ஏற்பாடு உண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டை மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு. சாவடிக்கு நேரில் போய்க் காகிதத்தில் போட்டுவிட்டால் இணையத்தில் போட்டது தானாக நீங்கிவிடும். பக்கத்தில் நின்று யாராவது மிரட்டிப் போட வைத்தால், அவர் போன பிறகு மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து போடும் ஓட்டின் பெரிய பலவீனம் எது என்பதை இந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் அது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரர் வந்தால் "எங்க வீட்ல ஆறு ஓட்டு" என்று சொல்கிற குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்? ஆறு சீட்டும் தபாலில் வீட்டுக்கு வந்தால் ஆறையும் நிரப்புவது யார்? மருமகள் தன் விருப்பத்துக்கு ஓர் இடத்தில் குறியிட்டு, மாமனார் கண் முன்னே ஒட்டிக் கொடுக்க முடியுமா? ஓட்டுக்குப் பணம் கொடுப்பவருக்கு இன்று இருக்கும் ஒரே கவலை, வாங்கியவர் போட்டாரா என்பதை உறுதிசெய்ய வழியில்லை என்பது. சீட்டு வீட்டில் இருந்தால் அந்தக் கவலையும் தீர்ந்துவிடும். பணத்தைக் கையில் கொடுத்து, குறியிட்ட சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த அரை நிமிடம் நம் நாட்டில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அரை நிமிடம். வெயிலுக்குப் பயந்து அதை விட்டுக்கொடுக்கலாகாது.

வாக்குச்சாவடி குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் கள்ள ஓட்டு விழுகிறது. 'சர்கார்' படம் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்கெல்லாம் 49-பி விதி தெரியும். நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் தனிச் சீட்டில் குறியிட்டுக் கவரில் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் நீதிமன்றம் சொன்னால் ஒழிய அது எண்ணிக்கைக்கு வராது. சாவடி வாரியாக முடிவு வெளியாவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது ஊருக்கே தெரிகிறது. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவி வேண்டும் என்று ஆணையம் கேட்டது. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. தனி மனிதரின் மறைவு காக்கப்படுகிறது, தெருவின் மறைவு இன்னும் காக்கப்படவில்லை.

சாவடி முறையின் பெரிய குறை, அதற்கு வர முடியாதவர்களைக் கைவிடுவது. திருப்பூரில் பனியன் தைக்கும் ஒடிசாக்காரர் ஊருக்குப் போய்வர எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்? துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரருக்கு 2010 சட்டத் திருத்தம் ஓட்டுரிமை தந்தது. ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். அவர்களுக்குப் பதிலி வாக்குத் தரும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. விசாரணைக் கைதியின் நிலை இன்னும் விசித்திரம். குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும் சிறையில் இருக்கும் வரை அவருக்கு ஓட்டுக் கிடையாது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கோ தபால் ஓட்டு உண்டு. புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளைக் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவுக் கருவியைப் பார்க்க 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் சந்தேகம் எழுப்ப, அது அப்படியே நின்றுவிட்டது.

இவர்களுக்கெல்லாம் தபாலில் சீட்டு அனுப்பிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாக்காளர் இருக்கும் இடத்துக்கு வாக்குச்சீட்டு போனால் போதாது, அந்த அட்டைத் தடுப்பும் சேர்ந்து போக வேண்டும். நடைமுறையில் இதற்கு வழிகள் இருக்கின்றன. பாட்டியின் வீட்டுக்கு அதுதான் வந்தது. தேர்தல் பணியாளர்களின் வசதி மையத்தில் நடப்பதும் அதுவே. பள்ளத்தாக்கை விட்டு வந்த காஷ்மீரிகளுக்காக ஜம்மு, உதம்பூர், டெல்லி ஆகிய இடங்களில் சிறப்பு வாக்குச்சாவடிகள் அமைக்கிறார்கள். இலங்கையில் அரசு ஊழியர்கள் தேர்தலுக்கு முன்பே தம் அலுவலகத்தில், அதற்கென நியமித்த அலுவலர் முன்னிலையில் தபால் வாக்கைக் குறியிட்டுக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தேர்தல் நாளுக்கு முன்பே திறக்கும் சாவடிகளில் லட்சக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள். திருப்பூரில் ஒடிசாக்காரருக்கும், துபாய்த் துணைத் தூதரகத்தில் நம் ஊர்க்காரருக்கும், சிறைக்குள் விசாரணைக் கைதிக்கும் இப்படி ஒரு முன்கூட்டிய சாவடி ஏன் கூடாது? ஒரு வாரம் முன்பே திறக்கட்டும். கட்சி முகவர்கள் உட்காரட்டும். சீட்டு மின்னணு வழியில் வரட்டும், அங்கேயே அச்சாகட்டும், மறைவில் குறியிட்டுப் பெட்டியில் விழட்டும்.

தபால் வாக்கு முழுமையாகத் தேவைப்படும் ராணுவத்தினருக்கு இரண்டு சீர்திருத்தங்களைக் கேட்கிறேன். 13ஏ படிவத்தைச் சாதாரண மனிதர் தவறின்றி நிரப்பும் அளவுக்கு எளிமையாக்க வேண்டும். கவர் வந்து சேர்ந்ததா, ஏற்கப்பட்டதா, நிராகரித்திருந்தால் என்ன காரணம் என்பதை வாக்காளருக்குக் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டருக்கு வரும் குறுஞ்செய்தி ஓட்டுக்கு வரக் கூடாதா?

வாசகர்களே, சட்டம் மாறும்போது மாறட்டும். இன்று நம் கையில் இருப்பதைச் செய்வோம். வீட்டில் 85 வயது கடந்தவரோ, சான்றிதழ் பெற்ற மாற்றுத்திறனாளியோ இருந்தால், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். கொடுத்துவிட்டால் பிறகு சாவடியில் போட முடியாது என்பதை அவரிடம் முன்பே சொல்லுங்கள். குழு வரும் நாளில் அவரை வீட்டில் இருக்கச் செய்யுங்கள். முதல் முறை தவறினால் இன்னொரு முறை வருவார்கள், அதற்கு மேல் வர மாட்டார்கள். தேர்தல் பணிக்குப் போகும் நண்பர்களே, வசதி மையத்தை விட்டுக் கிளம்பும் முன் 13ஏ-வில் வரிசை எண்ணும் இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 49 வாக்கில் தொகுதிகள் கைமாறும் மாநிலம் இது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாட்டியோ தாத்தாவோ சீட்டில் குறியிடும் அந்த நேரத்தில், அவர் உதவி கேட்டாலொழிய, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். "யாருக்குப் போட்டீங்க?" என்று பிறகும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்